கணிப்பொறி ஆளும் எஞ்சினில் தீப்பொறியின் நேரம்

(தொழிற்கல்வி மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியதுபோலத் தோன்றும். டிரக் எஞ்சின் ஒன்றில் தீப்பொறி எந்தக் கணத்தில் எழுகிறது என்பதை அளந்து பார்ப்பது எப்படி என்பதே அது. அந்த எஞ்சினைக் கணிப்பொறி ஒன்று ஆண்டுகொண்டிருக்கிறது என்பதைச் சேர்த்துக்கொண்டால், "எல்லாவற்றையும் கணிப்பொறியே பார்த்துக்கொள்ளுமே, மெக்கானிக்குக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்பவர் உண்டு. கணிப்பொறிக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்தறியத் தெரிந்தவனே அதன்முன் நின்று வேலை செய்யத் தகுதியுடையவன். இந்த உரையின் சாரம் அவ்வளவே. அதனை ஒரு வேலையின் வழியே படிப்படியாகக் காண்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். அமெரிக்காவில் 'டிரக்' என்பது நம் லாரியை மட்டும் குறிப்பதன்று. முன்னே இருவரோ மூவரோ அமர்ந்து, பின்னே திறந்த பெட்டியில் சுமை ஏற்றிச் செல்லும் 'பிக்கப்' வண்டியையும் அவர்கள் டிரக் என்றே அழைப்பர். நம் நாட்டு லாரிகளில் பெரும்பாலானவை டீசலில் ஓடுபவை. டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு இடமில்லை. அழுத்தத்தால் வெப்பமேறிய காற்றில் பீச்சப்பட்ட எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. அமெரிக்கப் பிக்கப்புகளில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடுபவை. ஸ்பார்க் பிளக் கொடுக்கும் பொறியால்தான் அவற்றின் எரிதல் தொடங்குகிறது. ஆகவே நாம் இன்று பேசுவது செவர்லே, ஃபோர்டு, டொயோட்டா முதலிய நிறுவனங்களின் பெட்ரோல் பிக்கப்புகளைப் பற்றியே. அவற்றிலும் குறிப்பாக, 1980-களின் நடுவிலிருந்து 1990-களின் நடுவரை வெளிவந்தவற்றைப் பற்றி. அவற்றிற் பல இன்றும் தச்சருக்கும் உழவருக்கும் சிறு வணிகருக்கும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. எஞ்சின் கெட்டால் அவர்கள் வேலையும் நின்றுவிடும்.

பொறி ஏன் முந்த வேண்டும்?

நான்கு வீச்சு எஞ்சினின் இயக்கத்தை நீங்கள் முன்பே பயின்றிருக்கிறீர்கள். உறிஞ்சல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் என்பன அந்நான்கு. அழுத்தும் வீச்சில் பிஸ்டன் மேலேறி வருகிறது. அது முற்றிலும் மேலே நிற்கும் இடத்தை 'உச்சநிலை' என்போம். எளிய பாடநூல்களில், பிஸ்டன் உச்சநிலைக்கு வந்ததும் பொறி எழுவதாகப் படம் வரைந்திருப்பர். தொடக்க வகுப்புக்கு அது போதும், பட்டறைக்குப் போதாது.

காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை வெடிமருந்துபோல ஒரே கணத்தில் வெடிப்பதில்லை. பிளக்கின் முனையில் தோன்றிய தீ, கலவையினூடே பரவிச் சென்று எரிக்கிறது. அப்படிப் பரவுவதற்கு நேரம் வேண்டும். அந்நேரம் நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான். ஆயினும் எஞ்சினுக்கு அது சிறு பொழுதன்று. நிமிடத்துக்கு 600 சுற்று சுழலும் எஞ்சினில், ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் கிராங்க் ஷாஃப்ட் 3.6 பாகை திரும்பிவிடும். 3000 சுற்று சுழலும்போது அதே பொழுதில் 18 பாகை திரும்பிவிடும். வேகம் கூடக் கூடக் கலவையின் கொந்தளிப்பு மிகுந்து தீ சற்று விரைவாகப் பரவுவது உண்மைதான். எனினும் அது சுழற்சிக்கு முழுதும் ஈடுகொடுப்பதில்லை.

எரிந்த வாயுவின் அழுத்தம் மிகுதியாக இருக்கவேண்டிய இடம், பிஸ்டன் உச்சநிலையைத் தாண்டிச் சற்றே இறங்கத் தொடங்கிய இடம். ஏறக்குறைய உச்சநிலைக்குப் பின் 15 பாகை. ஊஞ்சல் முன்னோக்கித் திரும்பும் தருணத்தில் தள்ளினால் சிறு கையும் அதனை உயரச் செலுத்தும். நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் கைதான் வலிக்கும். எஞ்சினும் அப்படியே. அழுத்தம் உரிய இடத்தில் உச்சம் பெறவேண்டுமாயின், பொறி உச்சநிலைக்கு முன்பே எழவேண்டும். வேகம் கூடக் கூட இன்னும் முன்பாக எழவேண்டும். மெதுவான ஓட்டத்தில் சில பாகை முந்தினால் போதும்; விரைந்த ஓட்டத்தில் 30 பாகைக்கு மேலும் முந்த வேண்டியிருக்கும்.

பொறி மிகவும் முந்திவிட்டால் என்ன நேரும்? பிஸ்டன் மேலேறி வரும்போதே அழுத்தம் அதன் தலைமீது மோதும். இன்னும் எரியாத கலவை தாங்கமாட்டாத வெப்பமும் அழுத்தமும் பெற்று, ஆங்காங்கே தானே பற்றி வெடிக்கும். உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை அப்போது எழும். பட்டறையில் இதனை 'நாக்கிங்' என்பர். அது தொடர்ந்தால் பிஸ்டனின் தலை அரிக்கப்படும், ரிங்குகள் உடையும், தலை கேஸ்கட் போய்விடும். புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மிகும். பொறி பிந்திவிட்டாலோ, பிஸ்டன் இறங்கிச் சென்றபின் தீ அதனைத் துரத்திக்கொண்டு ஓடும். வண்டிக்கு வலுவிராது, பெட்ரோல் வீணாகும், எரியும் வாயு வெளியேறும் குழாயிற் புகுந்து அதனைச் செந்நிறமாகக் காய்ச்சும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். முந்தினாலும் கேடு, பிந்தினாலும் கேடு. சில பாகைகளின் பிழை ஓர் எஞ்சினின் வாழ்நாளைக் குறைத்துவிட வல்லது.

அந்தப் பாகை எவ்வளவு நுண்மையானது தெரியுமா? 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள புல்லியின் விளிம்பில் ஒரு பாகை என்பது 1.75 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. வெறுங்கண்ணால், அதுவும் சுழன்றுகொண்டிருக்கும்போது, எவராலும் அதனைக் காண இயலாது.

எடையும் வெற்றிடமும் செய்த வேலை

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பாட்டரிப் பற்றவைப்பு முறை 1910-ஆம் ஆண்டளவில் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. பிளாட்டினம் பாயின்ட், கண்டென்சர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் என்று நம் மூத்த மெக்கானிக்குகள் அறிந்த முறை அதன் வழிவந்ததே. பொறியை முந்தச் செய்யும் வேலையை அப்போது இரண்டு கருவிகள் செய்தன. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பிரிங் பூட்டிய இரு சிறு எடைகள் இருந்தன. வேகம் கூடும்போது அவை வெளிநோக்கி விரிந்து பொறியை முந்தச் செய்தன. பக்கத்தில் இருந்த வெற்றிடப் பெட்டி, எஞ்சினின் சுமை குறைவாக இருக்கும்போது இன்னும் சிறிது முந்தச் செய்தது.

அக்காலத்தில் நேரம் பார்ப்பவர், வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அடிப்படைப் பாகையைப் பார்ப்பார். கூட்டிக் கொடுக்கும் கருவிகளை ஒதுக்கிவிட்டு அடித்தளத்தை மட்டும் அளப்பதே அதன் நோக்கம். இந்தக் கருத்தை நினைவிற் கொள்ளுங்கள். கருவி மாறினாலும் கருத்து மாறவில்லை என்பதைப் பின்னர்க் காண்பீர்கள்.

அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் வாகனப் புகைக்குக் கடுமையான வரம்பு விதித்தது. ஸ்பிரிங்கும் எடையும் அந்த நுண்மைக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. கிரைஸ்லர் நிறுவனம் 1976-ஆம் ஆண்டு வண்டிகளில் மின்னணுக் கருவியால் பொறி நேரத்தை ஆளத் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1977-இல் ஓல்ட்ஸ்மொபீல் டொரொனாடோ காரில் நுண்செயலி ஒன்றை அவ்வேலைக்கு அமர்த்தியது. பத்தாண்டுகளுக்குள் அம்முறை பிக்கப்புகளுக்கும் வந்துவிட்டது. 1987 முதல் செவர்லேயின் பெரிய பிக்கப்புகளில் பெட்ரோல் பீச்சும் முறையும், பொறியைக் கணிப்பொறி ஆளும் முறையும் ஒருங்கே இடம்பெற்றன.

கணிப்பொறிக்குத் தெரியாதது

இக்கணிப்பொறி என்ன செய்கிறது? எஞ்சினின் வேகத்தை அறிகிறது; உள்வாங்கும் குழாயின் அழுத்தத்தால் சுமையை அறிகிறது; நீரின் வெப்பத்தை அறிகிறது. இவ்வளவையும் வைத்து, தன்னுள் பதிந்திருக்கும் அட்டவணையைப் பார்த்து, "இப்போது இத்தனை பாகை முந்தவேண்டும்" என்று ஆணையிடுகிறது. நொடிக்குப் பன்முறை இவ்வாறு ஆணையிடுகிறது. மனிதக் கையால் ஆகாத வேலை அது. அதனை நாம் மதிக்கவே வேண்டும்.

ஆனால், "முந்தவேண்டும்" என்றால் எதற்கு முந்த? கிராங்க் ஷாஃப்ட் எங்கே நிற்கிறது என்பதை அக்கால எஞ்சின்கள் பலவற்றில் கணிப்பொறிக்குச் சொல்வது டிஸ்ட்ரிபியூட்டரே. அந்த டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மனிதன் கையால் திருப்பிப் பூட்டியிருக்கிறான். அவன் சரியான இடத்திற் பூட்டினான் என்று கணிப்பொறி நம்புகிறது. சோதித்துப் பார்க்க அதற்கு வழியில்லை. டிஸ்ட்ரிபியூட்டரை 6 பாகை பிழைபடப் பூட்டியிருந்தால், கணிப்பொறியின் கணக்கு எவ்வளவு செம்மையாக இருந்தாலும், விளைவு ஒவ்வொரு கணமும் 6 பாகை பிழையாகவே இருக்கும். தொடக்க முனை தேய்ந்துபோன அளவுகோலால் துணி அளப்பவர் எவ்வளவு கவனமாக அளந்தாலும் துணி குறைந்துதானே போகும்?

ஆகவே நம் வேலை கணிப்பொறியின் கணக்கைத் திருத்துவதன்று. அக்கணக்கு நிற்கும் அடித்தளத்தை அளப்பதே நம் வேலை. அதனை அளக்கவேண்டுமாயின், கணிப்பொறியைச் சற்று நேரம் விலகி இருக்கச் செய்யவேண்டும். தராசில் சரக்கை நிறுக்குமுன் பாத்திரத்தின் எடையைத் தனியே அறிந்துகொள்வது போன்றது இது.

இதனை அறியாமல் ஒருவர் நேரே டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணிப்பொறி அப்போது 18 பாகை கூட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சீட்டில் 0 என்று போட்டிருக்கிறதே என்று எண்ணி, அவர் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி அடையாளத்தை 0-வுக்குக் கொண்டுவந்துவிடுகிறார். நல்ல எஞ்சினை 18 பாகை பிந்தச் செய்தாயிற்று! வண்டி மேட்டில் ஏறாது, எஞ்சின் கொதிக்கும், பெட்ரோல் கரையும். வண்டிக்காரர் கார்புரேட்டர், பம்ப், கணிப்பொறி என்று ஒவ்வொன்றாகக் காசு கொட்டுவார். உண்மையில் கெட்டது எதுவும் இல்லை. அளந்த முறைதான் கெட்டது.

ஆயத்தமும் எச்சரிக்கையும்

வேலைக்கு வேண்டிய முதற் கருவி டைமிங் லைட். முதல் சிலிண்டரின் பிளக் ஒயரில் மின்சாரம் பாயும் ஒவ்வொரு முறையும் இவ்விளக்கு ஒரு கணம் மின்னி அணையும். மழைக்கால இரவில் மின்னல் வெட்டும்போது, காற்றில் ஆடும் தென்னங்கீற்று அசையாமல் நிற்பதுபோலத் தோன்றுகிறதல்லவா? அதுபோல, சுழலும் புல்லியின் அடையாளமும் இவ்விளக்கொளியில் நின்றுவிட்டதுபோலத் தோன்றும். அது எந்தப் பாகையில் நிற்கிறது என்பதை, எஞ்சினில் பொருத்தப்பட்ட பட்டையின் கோடுகளோடு ஒப்பிட்டு நாம் படித்துக்கொள்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடையாளத்தை நிற்பதுபோலக் காட்டும் அதே ஒளி, சுழலும் விசிறியையும் நிற்பதுபோலக் காட்டிவிடும். நிற்கிறது என்று எண்ணிக் கை நீட்டியவர் விரலை இழப்பர். ஆகவே டைமிங் லைட்டைத் தொடுமுன், சட்டைக் கையை மடித்துக் கட்டுங்கள்; துண்டு, தாவணி, தொங்கும் கயிறு எதுவும் இருத்தல் ஆகாது; கூந்தலை இறுகக் கட்டுங்கள். விளக்கின் ஒயர்கள் பெல்ட்டிலும் சூடான குழாயிலும் படாதவாறு ஒதுக்குங்கள். கியர் நியூட்ரலிலோ பார்க்கிலோ இருக்க, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். அடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. ஆளைக் கொல்லும் ஆற்றல் மட்டும் உண்டு.

எஞ்சின் நிற்கும்போதே புல்லியின் கோட்டைத் துடைத்து, அதன்மேல் சாக்கட்டியாலோ வெள்ளை வண்ணத்தாலோ மெல்லிய கோடு இடுங்கள். முதல் சிலிண்டர் எது என்பதை உறுதிசெய்யுங்கள். செவர்லேயின் வி-8 எஞ்சினில் அது அமெரிக்க ஓட்டுநர் அமரும் இடப்பக்கத்து முன் சிலிண்டர். ஃபோர்டின் வி-8 எஞ்சினிலோ வலப்பக்கத்து முன் சிலிண்டர். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தவறும் இடம் இது. பின்னர் எஞ்சினை ஓடவிட்டு, வழக்கமான வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, ஏ.சி. முதலியவற்றை அணைத்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பானெட்டைத் திறந்ததும் அங்கே ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தல். அமெரிக்காவில் விற்கும் வண்டிகளில் புகைக்கட்டுப்பாட்டு விவரச் சீட்டு எஞ்சின் அறையில் ஒட்டப்படவேண்டும் என்பது விதி. அளந்து திருத்தவேண்டிய எஞ்சினானால், அடிப்படைப் பாகை எவ்வளவு, அதனை எப்படிப் பார்க்கவேண்டும் என்பன அதிலேயே அச்சிடப்பட்டிருக்கும். நாம் இங்கே சொல்லும் எண்களுக்கும் அச்சீட்டின் எண்ணுக்கும் வேறுபாடு இருந்தால், சீட்டின் எண்ணே முடிவானது. சீட்டு கிழிந்துபோயிருந்தால் அந்த ஆண்டின் பழுதுபார்ப்பு நூலை நாடுங்கள், ஊகத்தை நாடாதீர்கள்.

மூன்று வண்டிகள், மூன்று வழிகள்

முதலில் 1987 முதல் 1995 வரையிலான செவர்லே பிக்கப்புகளின் 5.7 லிட்டர் எஞ்சின். இதில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சிறிய மின்னணு மாட்யூல் ஒன்று உள்ளது. ஸ்டார்ட் செய்யும்போது பொறியை அதுவே ஆள்கிறது. எஞ்சின் பிடித்தபின் கணிப்பொறி ஓர் ஒயர் வழியாக 5 வோல்ட் அனுப்பி, "இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பொறுப்பை வாங்கிக்கொள்கிறது. அந்த ஒயர் கறுப்புக் கோடிட்ட வெளிர் பழுப்பு நிற ஒயர். அதில் தனித்த ஓர் இணைப்பு உண்டு; பல வண்டிகளில் பயணி பக்கத்தில், எஞ்சின் அறையின் பின்சுவரை ஒட்டி இருக்கும். எஞ்சினை நிறுத்தி அவ்விணைப்பைப் பிரித்துவிட்டு, மீண்டும் ஓடவிடுங்கள். இப்போது பொறி மாட்யூலின் கையில்; கணிப்பொறி விலகி நிற்கிறது. எச்சரிக்கை விளக்கு எரியலாம். அதற்கு அஞ்ச வேண்டா.

இப்போது டைமிங் லைட்டைப் பிடித்தால் தெரிவதே அடிப்படைப் பாகை. இவ்வெஞ்சின்கள் பலவற்றில் அது 0, அதாவது சரியாக உச்சநிலை. கனச் சுமைக்கான சிலவற்றில் எண் வேறுபடும், சீட்டைப் பாருங்கள். பிழை இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரின் பிடிப்பு போல்ட்டை, கையால் திருப்புமளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். ரோட்டர் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும். அதே திசையில் திருப்பினால் பிந்தும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், அதனை ஒரு பாகை திருப்பினால் கிராங்கில் இரண்டு பாகை மாறும். மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். போல்ட்டை இறுக்கியபின் மறுபடியும் பாருங்கள். இறுக்கும்போதே நகர்ந்துவிடுவது உண்டு.

பின்னர் எஞ்சினை நிறுத்தி இணைப்பைப் பூட்டுங்கள். கணிப்பொறி தன் நினைவில், பொறி ஆளும் சுற்று அறுந்ததாக 42 என்னும் குறியீட்டைப் பதிந்திருக்கும். சாவியை அணைத்து, பாட்டரியின் எதிர்முனை ஒயரைக் கழற்றி, அரை நிமிடம் பொறுத்து மாட்டினால் அது அழியும். வேலை இன்னும் முடியவில்லை. எஞ்சினை ஓடவிட்டு மறுபடியும் விளக்கைப் பிடியுங்கள். வேகத்தைக் கூட்டும்போது அடையாளம் முன்னோக்கி நகரவேண்டும். நகர்ந்தால் கணிப்பொறி மீண்டும் பொறுப்பேற்றுவிட்டது என்று பொருள். நகராவிட்டால் இணைப்போ ஒயரோ பழுது. அதனைக் கண்டறியாமல் வண்டியை ஒப்படைத்தல் ஆகாது.

இரண்டாவதாக, ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின். இதில் கணிப்பொறியின் ஆணை மாட்யூலுக்குச் செல்லும் ஒயரில், கழற்றுவதற்கென்றே ஒரு சிறு இணைப்பு வைத்திருக்கின்றனர். ஃபோர்டு மெக்கானிக்குகள் அதனை 'ஸ்பவுட்' என்பர். அதனைக் கழற்றிப் பார்த்தால் உச்சநிலைக்கு முன் 10 பாகை இருக்கவேண்டும். வேகத்தைக் கூட்டினாலும் அடையாளம் அங்கேயே நிற்கும். மாட்டியபின் வேகத்தோடு முன்னே செல்லும்.

மூன்றாவதாக, டொயோட்டா பிக்கப்பின் 22ஆர்-இ என்னும் 2.4 லிட்டர் எஞ்சின். இங்கே எதனையும் கழற்றுவதில்லை, இணைக்கிறோம். எஞ்சின் அறையிலுள்ள சோதனைப் பெட்டியில் டி.இ.1, இ.1 என்னும் இரு முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்தால், கணிப்பொறியே "சோதிக்கிறார்கள்" என்று அறிந்து பொறியை அடிப்படை நிலையில் நிறுத்திவைக்கும். முற்பட்ட ஆண்டுகளில் முதல் முனைக்கு டி என்று பெயர். அப்போது காணவேண்டியது உச்சநிலைக்கு முன் 5 பாகை. ஒயரை எடுத்ததும் அடையாளம் முன்னே நகரும்.

கழற்றுவது, பிரிப்பது, இணைப்பது என்று வழி மூன்றானாலும் கருத்து ஒன்றே. வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்த பழைய கருத்தே இது.

அடையாளம் சொல்லும் செய்திகள்

விளக்கொளியில் அடையாளம் ஓரிடத்தில் நில்லாமல் முன்னும் பின்னும் துள்ளினால், டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவதில் பயனில்லை. டைமிங் செயினோ, டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டும் புஷ்ஷுமோ தேய்ந்திருக்கலாம். தேய்மானத்தைத் திருப்பித் திருத்த முடியாது.

அடையாளம் சரியாக நின்றும் எஞ்சின் தட்டினாலோ வலுவிழந்தாலோ, அடையாளத்தையே ஐயுறுங்கள். பல எஞ்சின்களில் முன்புறத்து அதிர்வு தாங்கியின் வெளி வளையம் ரப்பரால் உள்வளையத்தோடு ஒட்டப்பட்டிருக்கும். ஆண்டுகள் சென்று ரப்பர் தளர்ந்தால் வளையம் நழுவும். அதனோடு கோடும் நழுவும். பொய்க் கோட்டுக்கு மெய் ஒளி பாய்ச்சிப் பயன் என்ன? பிளக்கைக் கழற்றிப் பிஸ்டனின் உண்மையான உச்சநிலையைக் கண்டு, கோட்டைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. செவர்லே எஞ்சினில் நாக்கிங் ஒலியைக் கேட்டுணரும் சென்சார் இருக்கிறது. அடித்தளம் மிகவும் முந்தியிருந்தால், அது ஒலியைக் கேட்கும். கணிப்பொறி பொறியைப் பின்னுக்கு இழுக்கும். ஓட்டுநர் காதுக்கு எதுவும் கேளாது. வண்டி மட்டும் சோர்ந்து ஓடும். பிழையைக் கணிப்பொறி மூடி மறைத்துவிடும் இடம் இது.

காதும் சீட்டும்

இங்கே ஒன்றைக் கூறவேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிக்கொண்டே எஞ்சினின் ஒலியைக் கேட்டு, "இதோ இந்த இடம்!" என்று நிறுத்திய மூத்த மேஸ்திரிகளை நாம் குறைத்துப் பேச வரவில்லை. அவர்கள் காலத்து எஞ்சினில் பொறி முந்தினால் ஓட்டம் விரைந்தது, பிந்தினால் தளர்ந்தது. காது உண்மையையே கேட்டது. கணிப்பொறி எஞ்சினிலோ, மெதுவோட்டத்தின் வேகத்தை நிலையாக வைப்பதும் கணிப்பொறியின் வேலை. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால், அது காற்று வழியைக் குறைத்தோ கூட்டியோ வேகத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். காது கூர்மையாகத்தான் இருக்கிறது. கேட்கக் கிடைக்கும் ஒலிதான் உண்மையை மறைக்கிறது.

காதின் அறிவு ஒருவரோடு பிறந்து ஒருவரோடு மறைவது. அவர் விரும்பினால் சொல்லித் தருவார். விரும்பாவிட்டால் பல ஆண்டு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாலும் அது கைக்கு வராது. அச்சிட்ட சீட்டு அவ்வாறன்று. எவர் பானெட்டைத் திறந்தாலும், எவர் மகன், எவர் மகள் என்று கேளாமல், எல்லார்க்கும் ஒரே எண்ணைச் சொல்லும். படிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்பது ஒன்றே அது கேட்கும் தகுதி. தொழிற்கல்வியில் எழுத்தும் கணக்கும் எதற்கு என்று வினவுவோர்க்கு நாம் கூறும் விடை இதுவே.

திருப்பலாகாத எஞ்சின்கள்

கடைசியாக, எதனைத் தொடக்கூடாது என்பதும் அறிவே. 1992 முதல் வந்த டாட்ஜ் மாக்னம் எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறது; ஆயினும் அதனைத் திருப்பினால் பொறி நேரம் மாறாது. கிராங்க் ஷாஃப்டின் சென்சாரே அங்கு அளவுகோல். டிஸ்ட்ரிபியூட்டரின் நிலை பெட்ரோல் பீச்சும் ஒழுங்கைத்தான் தொடும். 1996-இல் வந்த செவர்லே வோர்ட்டெக் எஞ்சின்களிலும் திருப்பி நேரம் வைக்கும் பழைய முறை இல்லை. அமெரிக்காவில் 1996 முதல் கார்களும் இலகு டிரக்குகளும் ஒரே வகைச் சோதனை இணைப்போடு வருகின்றன. ஸ்கேனரை மாட்டிப் பாகையைப் படிக்கலாம். இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் காயில் உள்ளது, டிஸ்ட்ரிபியூட்டரே மறைந்துவிட்டது.

அப்படியாயின் அடித்தளம் எங்கே போயிற்று? கிராங்க் ஷாஃப்டில் உள்ள பற்சக்கரத்துக்குப் போயிற்று. 60 பற்களுக்கு இடமுள்ள சக்கரத்தில் இரண்டு பற்களை விட்டுவிட்டு 58 பற்களை வெட்டுவது பரவலான ஒரு முறை. அந்த இடைவெளியைக் கண்டு கணிப்பொறி தன் எண்ணிக்கையைத் தொடங்குகிறது. அங்கே மனிதக் கைக்குத் திருப்ப ஒன்றுமில்லை. ஆனால் சென்சார் தளர்ந்தாலோ, பல் சிதைந்தாலோ, அதே பழைய பிழை புதிய வடிவில் வரும். நம் நாட்டிலும் இயற்கை எரிவாயுவில் ஓடும் சரக்கு வண்டிகள் சாலைக்கு வந்துவிட்டன. அவை டீசல் லாரிபோல் தோன்றினாலும் தீப்பொறியால் எரிபவை. இன்று கற்ற கருத்து அவற்றின்முன் நிற்கும்போதும் உங்களுக்குக் கைகொடுக்கும்.

தம்பியரே, தங்கையரே! கருவி எவ்வளவு நுண்ணறிவு பெற்றாலும், அது எதனை நம்பித் தன் கணக்கைத் தொடங்குகிறது என்று முதலில் கேளுங்கள். அந்த இடத்தை நீங்களே அளந்து பாருங்கள். அளந்த எண்ணை வேலைச் சீட்டில் எழுதி வண்டிக்காரரிடம் காட்டுங்கள். திருத்த வேண்டியதில்லை என்று கண்டால், திருத்தவில்லை என்றே சொல்லி, பார்த்த கூலியை மட்டும் பெற்றுக்கொள்ளுங்கள். நாணயமான அளவு நாணயமான கூலியைக் கொண்டுவரும். அடுத்த வண்டியையும் அதுவே கொண்டுவரும்.